எட்டாவது ஆளின் எடை

எங்கள் ஏரியில், கிசுமுத் துறையில் வந்து இறங்குகிற பறக்கும் படகுகளை, அதாவது தண்ணீரிலேயே இறங்கி ஏறுகிற விமானங்களை, ஏழு வருடமாக மிதவையில் கட்டியவன் நான். ஒன்றிலாவது ஏறி உட்கார்ந்ததில்லை. மோட்டார் லாஞ்சை ஓட்டிப் போய், படகின் வயிற்றில் கீறல் படாமல் அணைத்து நிறுத்தி, துரைகளையும் துரைசானிகளையும் தபால் மூட்டைகளையும் கரைக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒருமுறை கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி வந்தது. அதுகூட லண்டனிலிருந்து பறந்து வந்த நாய்க்குட்டி. எனக்குத்தான் கொடுப்பினை இல்லை.

போன மழைக்காலத்தில் பாப்பிரஸ் கோரைத் திட்டு ஒன்று மிதந்து வந்து, கட்டியிருந்த படகின் மேல் மோதப் பார்த்தது. நான் கயிறு போட்டு அதை இழுத்து அப்பால் விட்டேன். அன்றைக்கு எங்கள் துறையின் மேலாளர் பெல்லாமி துரை என் தோளில் தட்டி, "செவே, அடுத்த சோதனை ஓட்டத்தில் உனக்கு ஒரு இடம்" என்றார். துரை சொன்னதை நான் மறக்கவில்லை. துரை மறந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. தெற்கே போகிற படகு ஒன்று, நான்கில் ஒன்று நின்றுபோய், மூன்று எஞ்சினோடு நொண்டிக்கொண்டே வந்து இறங்கியது. மொம்பாசாவிலிருந்து ரயிலில் புது எஞ்சின் வரவும், அதைப் பொருத்தவும் ஐந்து நாள் ஆகிவிட்டது. ஆறாம் நாள் காலை சோதனை ஓட்டம். பயணிகள் இருக்கிற மாதிரியே பாரம் ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். மணல் மூட்டை வைத்தால் மணல் கசிந்து அடியில் இறங்கி பம்பை அடைத்துவிடும் என்பதால் ஆட்களைத்தான் ஏற்றுவார்கள். எட்டுப் பேர் வேண்டும். அந்த எட்டாவது ஆள் நான். லாஞ்சை என் கூட்டாளி மகாக் பார்த்துக்கொள்வான் என்று பேச்சு.

நான் ஒல்லி. எடை போதாது என்று தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் விடியற்காலையிலேயே சாப்பிட உட்கார்ந்தேன்.

"இன்னொரு உருண்ட களி போடு."

"இது நாலாவது" என்றாள் என் மனைவி அபோண்டி. "பறக்கப் போறியா, முட்ட போடப் போறியா?"

"மீனையும் வை. தலையோட வை."

"எங்கம்மாகிட்ட சொல்லட்டுமா, உங்க மாப்ள வானத்துல போறாருன்னு?"

"வாயத் தொறக்காத. போய்ட்டு வந்தப்புறம் ஊரே சொல்லும்."

நான்கு உருண்டை களியும் இரண்டு மீனும் வயிற்றில் குலுங்கக் குலுங்க துறைக்கு நடந்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள். ஆனாலும் கால் தரையில் நிற்கவில்லை.

துறையின் பலகைப் பாலத்தில் தபால் தராசை வைத்து ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெல்லாமி துரை தாமே மூன்றாவது ஆள், நல்ல பாரம். தபால் குமாஸ்தா மெஸ்கீத்தா, கோவாக்காரர், ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பயணிகள் விடுதிச் சமையல்காரர் ஒயூகி ஏழாவது ஆள். படகின் கேப்டன் எங்கள் துறைக்குப் புதியவர். நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒயூகி தராசிலிருந்து இறங்கினார். அடுத்தது நான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போதுதான் பாலத்தின் கரைமுனையில் தலையில் மீன் கூடையோடு ஒரு பெரிய உருவம் திரும்பியது. என் மாமியார்.

நாங்கள் லுவோக்கள். மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, வழியில் எதிர்ப்பட்டால் புதருக்குள் இறங்கி நிற்க வேண்டும், பேச வேண்டியதை மூன்றாம் ஆளை வைத்துப் பேச வேண்டும். கை படுவது என்பதை யாரும் நினைத்தும் பார்ப்பதில்லை. அபோண்டியைக் கட்டி ஒன்பது வருடத்தில் அந்த அம்மாளின் முதுகை நன்றாகத் தெரியும், முகம் தெரியாது. உயோமாவில் பிறந்தவர் என்பதால் எல்லாரும் அவரை நியார் உயோமா என்பார்கள். சந்தையில் அவர் பேரம் பேசுவது ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும். துறைக்கு அவர் வந்ததே இல்லை. அன்று விடுதிக்கு மீன் கொண்டுபோயிருக்கிறார். சமையலறையில் ஒயூகி இல்லை, துறைக்குப் போயிருக்கிறார் என்று யாரோ சொல்ல, தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார்.

பாலத்தில் ஏது புதர்? எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. யோசிக்கவே இல்லை. கால்கள் தாமாகவே போக, பீப்பாய்களுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"செவே" என்று கூப்பிட்டார் துரை.

என் மாமியாரின் காலடி மூன்று கை தூரத்தில் நின்றது. மீன் வாசனை வந்தது. நான் மூச்சுவிடவில்லை.

"செவே. எங்கே போனான் இவன்?"

இங்கே இருக்கிறேன் துரை என்று சொல்ல வாய் பரபரத்தது. எழுந்தால் நேராக அவர் முகத்தில்தான் விழிப்பேன். அதற்கப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. மகாக் லாஞ்சில் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருந்தான், அவனுக்கும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் துரை கூப்பிட்டார். கேப்டன் ஆங்கிலத்தில் ஏதோ பொரிந்தார். பிறகு சட்டென்று அமைதியானார். எதைப் பார்த்து அமைதியானார் என்று எனக்குப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்தே விளங்கிவிட்டது.

"அம்மா, இந்தத் தராசில் கொஞ்சம் ஏறுங்கள்" என்றார் துரை.

"எதுக்கு? நான் என்ன தபாலா?"

ஒயூகி விளக்கினார். பாரத்துக்கு ஒரு ஆள் குறைகிறது, அரை மணி நேரம் ஏரிக்கு மேலே சுற்றிவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று. நியார் உயோமா கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. தராசு முனகியது.

"ரெண்டு ஆள் கனம்" என்றார் ஒயூகி, மரியாதையோடு.

"ஏழு வருஷமா இது என் தலைக்கு மேல போய்ட்டு வருது. என் வீட்டுக் கூரை, என் துணி, என் அடுப்பு எல்லாத்தையும் பார்த்திருக்கும். நானும் ஒரு தடவ அங்கேருந்து பார்க்குறேன். மீன் மேல ஈ மொய்க்காம யாராச்சும் பார்த்துக்குங்க."

எட்டுப் பேரையும் லாஞ்சில் ஏற்றிக்கொண்டு மகாக் போனான். நான் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். அழுகை வந்தது. அழுதேன். சொல்ல என்ன வெட்கம்.

கரைக்குத் திரும்பிய மகாக், என்னைக் கண்டதும் கொக்கிக் கழியைக் கீழே போட்டான்.

"டேய், நீ இங்க என்ன பண்ற? உன் எடத்துல ஏறின அந்த மீன்காரம்மா யாரு?"

"எங்க மாமியா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாஞ்சின் தட்டில் உருண்டான்.

"சிரி. நல்லாச் சிரி."

"நாலு உருண்ட களியாமே. உம் பொண்டாட்டி எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிச்சு."

"தள்ளிக்க. சுக்கான நான் புடிக்குறேன்."

படகு கிளம்பும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். நான்கு எஞ்சினும் உறுமி, மூக்குக்கு இரண்டு பக்கமும் வெள்ளைத் தண்ணீர் எழும்பி, பிறகு அந்த வெள்ளை மெலிந்து, அறுந்து, படகின் வயிறு சொட்டிக்கொண்டே மேலே போயிற்று. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அன்றைக்கும் சிலிர்த்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

கால் மணி நேரம் போயிருக்கும். மகாக் சிரிப்பதை நிறுத்தினான்.

"செவே. காத்து நின்னுபோச்சு."

எங்கள் ஏரியில் விடியலில் கரையிலிருந்து காற்று வீசும். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏரியிலிருந்து காற்று கிளம்பும். நடுவில் சில நாட்கள் இரண்டும் இல்லாத நேரம் ஒன்று உண்டு. அன்றைக்கு அது முன்னதாகவே வந்துவிட்டது. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. நாந்தி மலை அதற்குள் தலைகீழாகக் கிடந்தது. மேகம் மேலே ஒன்று, கீழே ஒன்று.

கரையில் இருப்பவனுக்கு அது அழகு. மேலேயிருந்து இறங்குபவனுக்கு ஏரியே கண்ணில் படாது. காற்று எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், இன்னும் முப்பதடி இருக்கிறது என்று நினைத்து மூக்கால் குத்துவான். இல்லாவிட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து முப்பதடியிலிருந்து பொத்தென்று போடுவான். இப்படிப்பட்ட நாளில் பெல்லாமி துரை கரையிலிருந்து பச்சைக் கொடி காட்டுவார். நான் இறங்கு பாதையில் லாஞ்சை வளைத்து வளைத்து ஓட்டித் தண்ணீரைக் கிழித்து வைப்பேன். அந்த அலையைப் பார்த்துப் படகு இறங்கும். கொடி இல்லாமல் பாதைக்குள் நுழைந்தால் அன்றோடு வேலை போச்சு. கொடி காட்ட வேண்டிய துரையோ மேலே மூன்றாவது பாரமாக உட்கார்ந்திருந்தார்.

படகு மேற்கிலிருந்து வந்தது. தாழ்ந்தது. இறங்கப் பார்த்து, நடுவானத்தில் தடுமாறி நின்ற மாதிரி இருந்தது. சட்டென்று எஞ்சின்கள் அலறின. எங்கள் தலைக்கு மேலே, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தத்தோடு ஏறிப் போயிற்று.

"ஆளுக்குத் தண்ணி தெரியல" என்றான் மகாக்.

"தெரியாது."

"காத்து வர்ற வரைக்கும் சுத்துவானா?"

"அரை மணி நேரத்துக்குத்தான் எண்ணெய் ஊத்தினோம். நீதான பம்பு அடிச்ச?"

அவன் வானத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மூச்சு நேரத்துக்கு, ஒரே ஒரு மூச்சு நேரத்துக்கு, சுற்றட்டும், என் இடத்தில் உட்கார்ந்தவர் நன்றாகச் சுற்றட்டும் என்று மனசு சொல்லியது. அடுத்த மூச்சில் அபோண்டியின் முகம் வந்தது. எஞ்சின் கைப்பிடியை முழுசாகத் தள்ளிவிட்டேன்.

"கொடி இல்லடா" என்று கத்தினான் மகாக்.

"உன் சட்டையக் கழட்டி ஆட்டு."

இறங்கு பாதை ஒரு மைல் நீளம். லாஞ்சின் அலை இரண்டு நிமிடம் நிற்கும், அப்புறம் செத்துவிடும். முன்கூட்டியே ஓட்டிவிட்டால் படகு வரும்போது மறுபடியும் கண்ணாடிதான். அதனால் படகு திரும்பி மூக்கை நேராக்கும் வரை பாதையின் முனையிலேயே துடிக்கத் துடிக்கக் காத்திருந்தேன். அது திரும்பியது. ஓட்டினேன். இடது, வலது, இடது. பின்னால் தண்ணீர் பிளந்து பிளந்து விரிந்தது. மகாக் சட்டையை ஆட்டிக்கொண்டே பின்பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"வருது. நேரா வருது. செவே, ரொம்பக் கிட்ட வருது."

"எவ்ளோ கிட்ட?"

"கேப்டன் மீச தெரியுது."

அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஒரு வளைவு, அலை அறுந்துபோகாமல் இன்னும் ஒன்று. முதுகில் படகின் காற்று அறைந்தபோது சுக்கானை முழுசாக ஒடித்து கோரைப் புல்லுக்குள் பாய்ந்தேன். தலையைத் திருப்பினேன். படகின் அடிவயிறு என் அலைகளின் உச்சியை மெதுவாகத் தடவியது, பிறகு உட்கார்ந்தது. அரிசிக்குள் கை விட்ட மாதிரி, அவ்வளவு சுகமாக உட்கார்ந்தது.

"இறங்கிருச்சு" என்றான் மகாக். சட்டையில்லாமல் நின்று அழுதான். இப்போது சிரித்தது நான்.

மிதவையில் படகைக் கட்டினோம். மகாக் லாஞ்சின் முனையில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கதவடிக்கு வரவேண்டியவன் நானானேன். கதவு திறந்ததும் முதலில் மெஸ்கீத்தா வந்தார். வந்தார் என்றா சொன்னேன், விழுந்தார். பச்சை முகத்தோடு லாஞ்சின் தட்டில் படுத்துக்கொண்டு தட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

அடுத்து ஒரு பெரிய கால் கதவுக்கு வெளியே நீண்டது. நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் கிளப்பிய அலை கரையில் மோதித் திரும்பி அப்போதுதான் வந்து சேர்ந்தது. லாஞ்ச் ஒரு முழம் விலகியது. கால் வைத்த இடத்தில் லாஞ்ச் இல்லை. ஒயூகி ஐயோ என்றார்.

யோசிக்கவே இல்லை. கைகள் தாமாகவே போய், என் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்தன.

இரண்டு ஆள் கனம் என்று ஒயூகி சொன்னது பொய்யில்லை. ஒரு காலை லாஞ்சின் விளிம்பிலும் ஒரு காலைப் படகிலும் ஊன்றி, பல்லைக் கடித்து அவரைத் தூக்கிக் கதவுக்குள் நிறுத்தினேன். நிமிர்ந்தால் எதிரே முகம். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அபோண்டியின் அதே மூக்கு. ஒயூகி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். மகாக் கயிற்றைப் பார்த்தான்.

நல்லவேளையாக மேலேயிருந்து கேப்டன் தலையை நீட்டினார். புது எஞ்சினில் சூடு கொஞ்சம் ஏறுகிறது, சரிசெய்து எண்ணெய் ஊற்றியவுடன் இன்னொரு சுற்று போக வேண்டும், யாரும் இறங்கக் கூடாது என்றார்.

"என்னை இங்கேயே கொன்றுவிடுங்கள்" என்றார் மெஸ்கீத்தா, கண்ணைத் திறக்காமலே.

கதவில் பெல்லாமி துரை வந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார்.

"கொடி யார் காட்டினது?"

"யாரும் இல்ல தொர" என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை" என்றார். "காலையில் உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். இந்த இடம் உனக்குத்தானே வைத்திருந்தேன்? எங்கே ஒளிந்துகொண்டாய்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்ல வேண்டிய காரணம் என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

என் மாமியார் ஒயூகி பக்கம் முகத்தைத் திருப்பினார். "சமையல்காரரே, நான் உட்கார்ந்த எடம் யாரோடதாம்? கேட்டுச் சொல்லு."

"உங்க மருமகனோடது" என்றார் ஒயூகி, பொத்திய கைக்குள்ளிருந்து. "உங்களக் கண்டுதான் பீப்பாய்க்குப் பின்னால போய் ஒளிஞ்சிருப்பாரு."

"அந்த வளைஞ்சு வளைஞ்சு வந்த கோடு? மேலேருந்து பார்த்தா ஏரியே இல்ல, வெறும் வானம். கோடு வந்தப்புறம்தான் கீழ தண்ணி இருக்குன்னே தெரிஞ்சுது. அது யாரு போட்டது?"

"அதுவும் அவருதான்."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். மெஸ்கீத்தா காலி செய்த இருக்கை கதவுக்கு உள்ளே தெரிந்தது. சன்னல் ஓரம். என் மாமியாரின் இருக்கைக்கு அடுத்தது. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம். அதில் உட்கார்வதென்றால் இந்த அம்மாளின் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். முடியாது என்று எனக்குத் தெரிந்தது. இறங்கிக்கொள்ளலாம் என்று லாஞ்சுக்குள் காலை இழுத்தேன்.

இழுக்க முடியவில்லை. அப்போதுதான் கவனித்தேன். நான் அவர் கையை எப்போதோ விட்டுவிட்டேன். அவர்தான் என் கையை விடவில்லை.

"மாப்ள" என்றார். ஒயூகியிடம் அல்ல. என் முகத்தைப் பார்த்து. "கையப் புடிச்சாச்சு, மூஞ்சியும் பார்த்தாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன? ஏறுங்க."

"ஊரு என்ன சொல்லும்?" என்றேன். என் மாமியாரோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

"ஊரு கீழதான இருக்கு. நாம மேல போறோம்."

சொல்லிவிட்டு ஒரே இழுப்பு. மீன் கூடை தூக்கித் தூக்கி உரமேறிய கை. லாஞ்சிலிருந்த என் கால் காற்றில் தொங்கியது. அடுத்த கணம் படகுக்குள்ளே கம்பளத்தின் மேல் நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. தண்ணீர் முழுக்கச் சுருக்கம். எஞ்சின்கள் உறுமின. காலுக்கடியில் தண்ணீர் தகரக் கூரையில் மழை மாதிரி அறைந்தது, இன்னும் வேகமாக அறைந்தது, பிறகு ஒரேயடியாக நின்றுபோயிற்று. அந்த நிசப்தத்தை நான் ஏழு வருடமாக வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே இப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். மாமியார் முன்னால் குரல் உயர்த்துவதா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினால், அந்த அம்மாள் என்னைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சில என்ன இருக்கு?" என்று என் தோளில் ஒரு இடி இடித்தார். "கீழ பாருங்க மாப்ள, கீழ."

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு கிசுமு. விரல் நீளத்துக்குத் துறை. அதற்கு அப்பால் இறங்கு பாதையில், காற்றும் அலையும் வந்துவிட்டபிறகு ஒரு தேவையும் இல்லாமல், மகாக் எங்களுக்காக லாஞ்சை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தான்.